எட்டு வகைச் சொற்களும் ஓர் அச்சமும்

(நம் ஜமாஅத் நடத்திய கோடை விடுமுறை ஆங்கில வகுப்பின் நிறைவு நாளில், 6, 7, 8ஆம் வகுப்பு மாணவ மாணவியர், பெற்றோர் முன்னிலையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

நிறைவு நாளில் நாலு நல்ல சொற்களால் பாராட்டிவிட்டு அமர்வதே வழக்கம். ஆயினும் இன்று அவ்வாறு செய்யப் போவதில்லை. விடுமுறை முழுதும் பிள்ளைகள் படித்த பாடத்தைப் பெற்றோர்களாகிய உங்கள் முன்னிலையில் ஒரு முறை திரும்பிப் பார்க்க விரும்புகிறோம். காரணம் உண்டு. பிள்ளை என்ன படிக்கிறது என்பது தெரியாத வீட்டில், 'மதிப்பெண் எத்தனை?' என்ற ஒரு கேள்வி மட்டுமே எஞ்சி நிற்கும். என்ன படித்தது என்பது தெரிந்துவிட்டால் வேறு பல கேள்விகள் பிறக்கும்.

மருந்துக் கடையில் தரும் காகித உறையை நினைத்துப் பாருங்கள். 'பிஃபோர் ஃபுட்', 'ஆஃப்டர் ஃபுட்' என்று இரண்டு சொற்றொடர்கள் அதில் இருக்கும். 'ஃபுட்' என்றால் உணவு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாத்திரையைச் சாப்பாட்டிற்கு முன் விழுங்குவதா, பின் விழுங்குவதா என்பதைத் தீர்மானிப்பது அதற்கு முன்னால் நிற்கும் அந்தச் சிறு சொல்லன்றோ? இலக்கணம் என்பது தேர்வுத் தாளுக்காக மட்டும் ஏற்பட்டதன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

எட்டு என்ற எண் வந்த கதை

ஆங்கிலத்தில் சொற்களை எட்டு வகையாகப் பிரிப்பார்கள். பெயர்ச்சொல் நவுன்; பெயருக்குப் பதிலாக வரும் சொல் புரோநவுன்; வினைச்சொல் வெர்ப்; பெயரடை அட்ஜெக்டிவ்; வினையடை அட்வெர்ப்; பெயருக்கு முன் நின்று இடத்தையும் காலத்தையும் உறவையும் காட்டுவது பிரிப்பொசிஷன்; இணைக்கும் சொல் கன்ஜங்ஷன்; வியப்பையும் வலியையும் வெளிப்படுத்துவது இன்டர்ஜெக்ஷன். பிள்ளைகள் இந்தப் பட்டியலை உறக்கத்திலும் ஒப்பிப்பார்கள். ஆனால், 'ஏன் எட்டு?' என்று எவரும் கேட்பதில்லை.

இந்த எட்டு கிரேக்கர்கள் வகுத்த கணக்கிலிருந்து வந்தது. டயோனீசியஸ் த்ராக்ஸ் என்பவர் பெயரால் வழங்கும் பழைய கிரேக்க இலக்கணம் சொற்களை எட்டாகப் பகுத்தது. அதைப் பின்பற்றிய ரோமானியர்களின் லத்தீனில் 'ஆர்ட்டிகிள்' என்ற வகையே கிடையாது. அதை நீக்கி, வியப்புச் சொல்லைச் சேர்த்து, எட்டு என்ற எண்ணைக் காப்பாற்றிக் கொண்டார்கள். 1586இல் வில்லியம் புல்லோக்கர் என்பவர் ஆங்கில மொழிக்கு முதல் இலக்கண நூலை அச்சிட்டபோது லத்தீன் இலக்கணத்தின் சட்டையையே ஆங்கிலத்திற்கும் போட்டார். 1795இல் லிண்ட்லி மர்ரே எழுதிய புகழ்பெற்ற பாடநூலோ ஆர்ட்டிகிளையும் சேர்த்து ஒன்பது என்றது. எனவே எட்டு என்பது வானத்திலிருந்து இறங்கிய எண் அன்று. மனிதர்கள் வசதிக்காக அமைத்துக்கொண்ட பகுப்பு.

நம் தமிழுக்குத் தொல்காப்பியம் காட்டுவது பெயர், வினை, இடை, உரி என்ற நான்கு. இதே மத்ரஸா வகுப்பில் நம் பிள்ளைகள் படிக்கும் அரபு மொழிக்கோ இஸ்ம், ஃபிஃல், ஹர்ஃப் என்ற மூன்று. எண் மாறினாலும் மூன்று மொழிகளிலும் பெயரும் வினையும் இரண்டு தூண்களாய் நிற்பதைக் காணலாம். பிற சொற்கள் அவ்விரு தூண்களையும் சார்ந்து நிற்கின்றன. இதைப் புரிந்துகொண்ட பிள்ளை எட்டு வகையையும் எட்டுத் தனிப் பாரங்களாகச் சுமக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் நினைவில் இருத்துங்கள். சொல்லின் முகத்தைப் பார்த்து அதன் வகையைக் கூறிவிட முடியாது. அது வாக்கியத்தில் செய்யும் வேலையைப் பார்த்தே கூற வேண்டும். தமிழில் 'படி' என்றால் மாடிப்படியும் உண்டு. 'பாடத்தைப் படி' என்ற கட்டளையும் உண்டு. அதுபோலவே 'திஸ் ஈஸ் மை புக்' என்னும்போது 'புக்' பெயர். 'புக் எ டிக்கெட்' என்னும்போது அதே 'புக்' வினை. 'வாட்டர்' என்றால் தண்ணீர். 'வாட்டர் தி பிளான்ட்ஸ்' என்றால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்று. எனவே ஒவ்வொரு சொல்லிடமும், 'நீ யார்?' என்று கேளாதீர்கள். 'இங்கே உனக்கு என்ன வேலை?' என்று கேளுங்கள்.

கையில் இருக்கும் இரண்டு சாவிகள்

நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை அறியாமையால் வருபவை அல்ல, தமிழறிவால் வருபவை. தமிழ் வாக்கியத்தின் அச்சில் ஆங்கிலச் சொற்களை வார்ப்பதால் நேர்பவை. அவற்றுள் சிலவற்றை வகை வகையாகப் பார்ப்போம்.

'அவன் மாணவன்.' இது தமிழில் முழுமையான வாக்கியம். இதில் வினைச்சொல் இல்லை. அரபியிலும் 'ஹுவ தாலிபுன்' என்றால் போதும், வினை வேண்டியதில்லை. ஆகவேதான் பிள்ளை 'ஹி ஸ்டூடன்ட்' என்று எழுதுகிறது. ஆங்கிலமோ வினையில்லாத வாக்கியத்தை ஏற்காது. 'ஹி ஈஸ் எ ஸ்டூடன்ட்' என்று 'ஈஸ்' வந்து நிற்க வேண்டும். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வந்துவிடும். 'நான் சோறு உண்டேன்' என்பதில் சோறு நடுவில். 'ஐ ஏட் ரைஸ்' என்பதில் சோறு கடைசியில்.

அடுத்து ஆர்ட்டிகிள். 'எ', 'ஆன்', 'தி' ஆகிய மூன்றும் பிள்ளைகளைப் படுத்தும் பாடு கொஞ்சமன்று. ஆனால் 'ஒரு மரம்', 'ஓர் ஊர்' என்று எழுதக் கற்ற பிள்ளைக்கு 'எ ட்ரீ', 'ஆன் ஆப்பிள்' ஏன் கடினமாக வேண்டும்? உயிரொலிக்கு முன் 'ஓர்' என்பது போலவே உயிரொலிக்கு முன் 'ஆன்'. எழுத்தைப் பார்க்காமல் ஒலியைப் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே கூடுதல் விதி. அதனால்தான் 'ஆன் ஹவர்' என்கிறோம். 'எ யூனிவர்சிட்டி' என்கிறோம். 'தி' என்பதற்கோ தமிழில் நேர்ச்சொல் இல்லை. இங்கே நம் பிள்ளைகளிடம் இரண்டாவது சாவி இருக்கிறது. 'கிதாபுன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'அல்கிதாபு' என்றால் நாம் அறிந்த அந்தப் புத்தகம். 'எ புக்', 'தி புக்' என்பதன் வேறுபாடும் பெரும்பாலும் அதுவே. மத்ரஸாவில் காலையில் கற்றதைப் பள்ளிக்கூடத்தில் பத்து மணிக்கு மறந்துவிட வேண்டும் என்று யார் சொன்னது?

பிரிப்பொசிஷனும் அப்படியே. தமிழில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும்: 'வீட்டில்', 'மேசையின் மேல்'. ஆங்கிலத்தில் அது பெயருக்கு முன்னால் நிற்கும்: 'இன் தி ஹவுஸ்', 'ஆன் தி டேபிள்'. அரபியில் 'ஃபில் பைத்தி' என்பதும் அதே வரிசைதான். எனவே முன்னால் நிற்கும் உருபு நம் பிள்ளைகளுக்குப் புதிதன்று. ஆயினும் எந்த இடத்தில் எது என்பதைப் பழக்கத்தால்தான் அறிய முடியும். 'பற்றி விவாதித்தோம்' என்ற தமிழைக் கொண்டு 'டிஸ்கஸ்டு அபவுட்' என்று எழுதுகிறோம். 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' அடங்கியிருப்பதால் 'அபவுட்' அங்கே வேண்டாத விருந்தாளி. விண்ணப்பத்தில் 'பை தி டென்த்' என்றிருந்தால் 10ஆம் தேதிக்குள் என்று பொருள். 'ஆன் தி டென்த்' என்றால் 10ஆம் தேதியன்று. இந்த ஒரு சொல்லைத் தவறாகப் படித்துக் காலம் தவறியவர்கள் உண்டு.

புரோநவுன் பாடத்தில் தமிழ்ப் பண்பே பிழைக்குக் காரணமாவதுண்டு. தந்தையை 'அவர்' என்று மரியாதையோடு சுட்டிப் பழகிய பிள்ளை, ஆங்கிலத்தில் 'ஹி' என்று எழுதக் கூசி 'தே' என்று எழுதிவிடுகிறது. 'ஹி' என்பதில் அவனும் உண்டு, அவரும் உண்டு. 'யூ' என்பதில் நீயும் உண்டு, நீங்களும் உண்டு. 'வீ' என்பதிலோ நாமும் உண்டு, நாங்களும் உண்டு. கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும் 'நாம்', சேர்க்காத 'நாங்கள்' என்ற அழகிய வேறுபாடு தமிழுக்கு உண்டு; ஆங்கிலத்திற்கு இல்லை. நம்மிடம் இருப்பதன் அருமையும் பிறர் மொழியைக் கற்கும்போதே விளங்குகிறது.

வினைச்சொல்லுக்கு வருவோம். 'வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறது, வருகிறார்கள்' என்று ஆளுக்கு ஆள் விகுதியை மாற்றுகிறோம். ஐந்து வயதுக் குழந்தையும் இதில் தவறுவதில்லை. ஆங்கிலத்தில் சாதாரண நிகழ்கால வினைகளுக்கு இருப்பதோ ஒரே ஒரு விகுதி. 'ஹி', 'ஷி', 'இட்' ஆகியவற்றோடு வரும் 'எஸ்' மட்டுமே. இத்தனை விகுதிகளைச் சுமக்கும் நாம் அந்த ஒன்றைத் தவறவிட்டு 'ஹி கோ' என்று எழுதலாமா? அதுபோலவே 'டிட் நாட் வென்ட்' என்பது ஒரு தீராத பிழை. காலத்தை 'டிட்' காட்டிவிட்டது; மறுபடியும் 'வென்ட்' காட்ட வேண்டியதில்லை; 'டிட் நாட் கோ' என்பதே சரி. தமிழில் 'போனேன்' என்போம். ஆனால் 'போனவில்லை' என்போமா? 'போகவில்லை' என்றுதானே சொல்கிறோம்? காலம் காட்டாத அந்தப் 'போக' என்பதுதான் இங்கே 'கோ'.

அட்ஜெக்டிவ் எளிது. 'நல்ல பையன்' என்பதும் 'குட் பாய்' என்பதும் ஒரே வரிசை. 'விட' என்ற சொல்லை நினைத்துக்கொண்டு 'மோர் பிக்கர்' என்று எழுதாதிருந்தால் போதும். 'பிக்கர்' என்பதிலேயே ஒப்புமை வந்துவிட்டது. கன்ஜங்ஷனில், 'அவனும் நானும்' என்று இரண்டு 'உம்' போடுவதற்கு அங்கே ஒரே ஓர் 'ஆண்ட்'. 'ஆல்தோ' என்று தொடங்கிவிட்டால் நடுவில் 'பட்' வேண்டாம். இன்டர்ஜெக்ஷனுக்குப் பாடமே தேவையில்லை. காலில் முள் குத்தினால் எந்த மொழியிலும் அது தானே வரும்.

ஒரு பிழையும் ஒரு சிரிப்பும்

அட்வெர்பைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. அது நம் சொந்தப் பிழையோடு சேர்ந்தது. அதை இந்த மேடையில் கூறிவிடுவது நல்லது என்று எண்ணுகிறோம்.

ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், 7ஆம் வகுப்பில், பெயரடையோடு 'லி' சேர்த்தால் வினையடை ஆகும் என்று கற்பித்தோம். 'ஸ்லோ' என்றால் மெதுவான, 'ஸ்லோலி' என்றால் மெதுவாக. 'ஆன' என்பதை 'ஆக' என்று மாற்றுவது போலத்தான் என்று விளக்கினோம். மறுநாள், தாயைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதி வரச் சொன்னோம். ஒரு மாணவி, 'மை மதர் வர்க்ஸ் ஹார்ட்லி' என்று எழுதி வந்தாள். இரவு பகலாகத் தையல் இயந்திரத்தில் உழைத்துப் பிள்ளைகளை வளர்த்த தாய் அவர். 'ஹார்ட்லி' என்றாலோ 'அநேகமாக இல்லை' என்று பொருள். அவள் எழுதிய வாக்கியத்திற்கு, 'என் தாய் வேலையே செய்வதில்லை' என்று பொருளாகிவிட்டது.

நாம் என்ன செய்தோம்? அந்த வாக்கியத்தை உரக்கப் படித்தோம். பொருளையும் கூறினோம். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. அந்த ஆண்டு முழுவதும் அவள் ஆங்கில வகுப்பில் கை உயர்த்தவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பாள்.

வெகு காலம் கழித்தே ஒன்று நமக்கு உறைத்தது. அந்தப் பிள்ளை விதியை மீறவில்லை. நாம் கற்பித்த விதியை அப்படியே நம்பினாள். 'ஹார்ட்', 'ஃபாஸ்ட்' போன்ற சொற்கள் மாறாமலேயே வினையடையாகவும் வரும் என்ற விலக்கைக் கூறாமல் விட்டது நாம். பிழை ஆசிரியருடையது, தலைகுனிவு மாணவியுடையதாயிற்று. 'ஹி வர்க்ஸ் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைக்கிறார். 'ஹி ஹார்ட்லி வர்க்ஸ்' என்றால் உழைப்பதே இல்லை. இந்த விலக்கை அன்று தொட்டு ஒவ்வொரு வகுப்பிலும் முதலில் சொல்லி வருகிறோம். ஆனால் அந்த ஒரு பிள்ளைக்கு அது பயன்படவில்லை.

சீபவைஹி காட்டிய வழி

அரபு இலக்கணத்தின் பேராசானாகப் போற்றப்படுபவர் சீபவைஹி. 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவருடைய நூல், 'அல்கிதாப்' என்றே பெயர் பெற்றது. சொல் என்பது இஸ்ம், ஃபிஃல், ஹர்ஃப் என்ற பகுப்போடுதான் அது தொடங்குகிறது. ஆனால் அவர் பிறப்பால் அரபியர் அல்லர். பாரசீக நாட்டில் பிறந்து, பஸ்ரா நகருக்கு வந்து கற்றவர். அதாவது, அரபு அவர் கற்றுக்கொண்ட மொழி.

அவர் இலக்கணம் கற்கப் புகுந்ததற்கு ஒரு காரணம் கூறப்படுவதுண்டு. இளமையில் ஹதீஸ் பாடம் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒரு சொல்லின் ஈற்றைத் தவறாக உச்சரித்தாராம். ஆசிரியர் அந்த இடத்திலேயே, 'தவறு' என்று திருத்தினாராம். இனி எவரும் என்னைத் தவறு என்று கூற முடியாத அளவுக்கு இம்மொழியைக் கற்பேன் என்று எழுந்தவர்தாம் பின்னாளில் அம்மொழிக்கே இலக்கணம் வகுத்தார்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. பிறர் மொழியைக் கற்பவன் அம்மொழிக்குரியவனுக்குக் குறைந்தவன் அல்லன். விதியை அறிந்து கற்பதால் சில நேரம் அவனினும் தெளிவாகக் காண்கிறான் என்பது ஒன்று. திருத்தப்பட்ட பிள்ளை எழுந்து நடக்கும். ஏளனம் செய்யப்பட்ட பிள்ளை அமர்ந்துவிடும் என்பது மற்றொன்று. நாம் சொன்ன மாணவிக்கும் ஒரு திருத்தம் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததோ ஒரு சிரிப்பு.

பெற்றோருக்குச் சில சொற்கள்

இலக்கணம் படித்துவிட்டால் ஆங்கிலம் வந்துவிடுமா என்று சிலர் கேட்கிறார்கள். வராது. படிக்கவும் கேட்கவும் பேசவும் வேண்டும். இலக்கணம் ஒரு கண்ணாடி. முகத்தை அது உண்டாக்காது; ஒட்டியிருக்கும் கரியைக் காட்டும். கண்ணாடியை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பதும் வீண். கண்ணாடியே பாராமல் வெளியில் செல்வதும் சரியன்று.

10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத் தாளில் தேர்ச்சி பெற 35 மதிப்பெண் போதும். அந்த 35க்கு அஞ்சிப் படிப்பை நிறுத்தும் பிள்ளைகள் நம் தெருவிலேயே இருந்திருக்கிறார்கள். அந்த அச்சம் 10ஆம் வகுப்பில் பிறப்பதன்று. 6, 7, 8ஆம் வகுப்புகளில், யாரோ ஒருவர் சிரித்த நாளில் பிறப்பது.

எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே, நாங்கள் எப்படி உதவுவது என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. தெரியாமலிருப்பதும் ஒரு வசதிதான். சோப்பு உறையையோ மருந்துச் சீட்டையோ பிள்ளையின் கையில் கொடுத்து, 'இதில் என்ன எழுதியிருக்கிறது, எனக்குச் சொல்' என்று கேளுங்கள். கற்பிக்கும்போதுதான் கற்றது நிலைக்கும். நாளுக்கு ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தில் பெயர் எது, வினை எது, மற்றவை எதைச் சார்ந்து நிற்கின்றன என்று பிள்ளை உங்களுக்குச் சொல்லட்டும். தவறாகச் சொன்னாலும் கேளுங்கள். ஆங்கிலம் அறிந்த தந்தைமார்களோ, அறிந்திருக்கிறோம் என்பதற்காக நடுவில் பாய்ந்து திருத்தாதீர்கள். வாக்கியம் முடியட்டும். முடிந்த பிறகு மெல்லத் திருத்துங்கள்.

மாணவச் செல்வங்களே, இன்று முதல் உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் உங்கள் பிழைகளை எழுதி வாருங்கள். ஒருபுறம் பிழை, மறுபுறம் திருத்தம், கீழே அதற்கான காரணம். ஆண்டு முடிவில் அந்தப் பக்கங்களே உங்களுக்குரிய இலக்கண நூலாகும். வேறு எந்தக் கடையிலும் அது கிடைக்காது.

இவ்வகுப்பின் முதல் நாளில் பேச எழுந்து, ஒரு சொல்லும் வராமல் அமர்ந்த பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். சற்று முன் இம்மேடையில் அவர்கள் பேசினார்கள். பிழைகள் இருந்தன, நாம் குறித்து வைத்திருக்கிறோம். சபையில் யாரும் சிரிக்கவில்லை. அதற்காகவே உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி அமர்கிறோம்.